ஒரே நாடா, இரண்டு வாய்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9 ஆகஸ்ட் 2023

அன்புள்ள நீலாம்பாளுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். சூரத்தில் நீயும் பிள்ளை உதயகுமாரும் மருமகள் காயத்ரியும் குழந்தை அனுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். கைபேசியில் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை என்று போன கடிதத்தில் குறைபட்டிருந்தாய். என் காது அந்த நிலையில் இருக்கிறது. நீ கத்த, நான் கத்த, நம் வீட்டுச் சங்கதி தெரு முழுக்கத் தறி மிதிப்பவர்களுக்குப் பாட்டாகிவிடும். நமக்குக் கடிதமே மரியாதை.

சங்கதி பல்லைப் பற்றியது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, ஈறும் வீங்கியிருக்கிறது. உன் அண்ணன் நமச்சிவாயம் எனக்கென்று விட்டுப்போன ஒரே சொத்து எச்.ஐ.வி. அது இருக்கிற உடம்பில் ஈறு சீக்கிரம் கெடும், வாய் உலரும், பல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் சொல்கிறார்கள். ஆகவே வலி முற்றும்வரை காத்திராமல், காந்தி சாலைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தனியார்ப் பல் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி எல்லாம் உண்டு.

வரவேற்பில் லில்லி என்று ஒரு பெண். "ஆயா, வேற எதுனா மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிடறேம்மா. எச்.ஐ.வி.க்கு."

கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்தான். அவள் எழுந்து உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து டாக்டர் பையனே வெளியே வந்தான்.

"மேடம், ஸ்டெரிலைசர் ரிப்பேர் ஆயிடுச்சு. அடுத்த வாரம் போன் பண்ணிட்டு வாங்க."

"எப்பப்பா ரிப்பேர் ஆச்சு? காலையிலயா, நான் வாயைத் தொறந்த அப்புறமா?"

மீனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு முன்னாடி உள்ள போய்ட்டு வந்தாரே, இவருக்கு எதுல கழுவினீங்க?" என்று கேட்டேன். அந்த மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தபடி அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருக்கிறேன்.

உன் பற்கள் எப்படி இருக்கின்றன? பதில் எழுது.

உன் அண்ணி,
லோகாம்பாள்


சூரத்
4 செப்டம்பர் 2023

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நீலா வணக்கத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். உதயகுமாருக்குச் சரிகைக் கம்பெனி ஆபீசில் வேலை அதிகம். அனு ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். உங்கள் உடம்பைப் பற்றித்தான் கவலை.

அண்ணி, அந்த நோயின் பெயரைக் கடிதத்தில் முழுதாக எழுதாதீர்கள். கீழே போய்த் தபாலை எடுத்து வருவது காயத்ரி. பிரிக்க மாட்டாள், ஆனாலும் எனக்குப் பயம். அண்ணன் டி.பி.யில் போனார் என்றுதான் அவளுக்குத் தெரியும். உதயகுமாருக்கும் அப்படித்தான். இருபது வருடமாக மூடி வைத்ததை நீங்கள் மீன் தொட்டிக்கு முன்னால் திறந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே நம் தெருக்காரர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒன்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். பல் பிடுங்கும்போது ரத்தம் வருமே, அந்தச் சாமான் அடுத்தவர் வாய்க்குப் போனால்? எச்சிலில் வருமா? வெகுநாள் கழித்தும் வருமா? காயத்ரி டி.வி.யில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் கேட்டேன்.

எனக்கு இடது பக்கம் கொஞ்சம் வலி. கிராம்புத் தைலம் வைத்தால் அடங்கிவிடுகிறது. வலது பக்கமாக மென்றுகொள்கிறேன். இங்கே மழை விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலாம்பாள்


காஞ்சிபுரம்
16 செப்டம்பர் 2023

அன்புள்ள நீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டார் சுகம் என்று அறிந்தேன். உன்னைப் பற்றி நீ எழுதியிருப்பதை மட்டும் சுகம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதைப் பிறகு பேசுகிறேன்.

பல்லை அரசு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். வரிசை நீளம், பெஞ்சு ஒரு பக்கம் சாய்கிறது, மீன் கிடையாது. டாக்டர் இளவரசி என்று ஒரு பெண். என் மருந்துச் சீட்டைப் பார்த்தாள். ரத்தத்தில் கிருமியின் அளவு கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டாள். மரத்துப்போக ஊசி போட்டாள், பல்லை எடுத்தாள், பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். அவ்வளவுதான். எனக்கென்று தனியாகச் சாமான் வைத்திருக்கிறீர்களா என்று பஞ்சோடேயே கேட்டேன். சிரித்தாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதாம்மா கழுவி வேக வைக்கிறோம். உங்களுக்காவது தெரியுது, சொல்றீங்க. உங்களுக்கு முன்னாடி இதே சேர்ல உக்காந்தவங்களுக்கு என்னா இருக்குதுன்னு அவங்களுக்கே தெரியாது."

நியாயமான பேச்சு. உன் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது. முறையாக வேக வைத்த சாமானில் எதுவும் மிஞ்சாது. எச்சிலில் வராது. 'வெகுநாள் கழித்தும்' என்றால் எனக்கு விளங்கவில்லை. எதற்குப் பிறகு வெகுநாள்? கேள்வியை ஒழுங்காக எழுது.

மாத்திரை தொடங்குவதற்கு முன் என் வாய் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். நாக்கெல்லாம் வெள்ளையாகப் படிந்து, கஞ்சி பட்டாலே எரியும். நீதான் தினமும் மோர் கரைத்து வந்து கொடுத்தாய். இப்போது மருந்து கிருமியை அடக்கி வைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் மையத்தில் வாயைக் காட்டிவிட்டு வருகிறேன். ஒரு நோயும் இல்லாத நீ கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டிருக்கிறாய். தைலம் வலியை மறைக்கும்; உள்ளே இருப்பது உள்ளேயே அழுகும். இந்த மாதத்துக்குள் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அண்ணி


சூரத்
2 நவம்பர் 2023

அண்ணி அவர்களுக்கு நீலாவின் வணக்கம்.

உங்கள் பல் நல்லபடியாக ஆனது கேட்டு நிம்மதி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே நவராத்திரி என்றால் ஒன்பது நாளும் தெருவில் ஆட்டம், மைக் செட். தூக்கமே இல்லை.

பல் டாக்டரிடம் போகச் சொல்லி உதயகுமாரும்தான் சொல்கிறான். இங்கே டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு குஜராத்தியில் வெண்டைக்காய், கத்திரிக்காய் கேட்க மட்டும் தெரியும். தீபாவளி போகட்டும் என்று இருக்கிறேன். அப்புறம் கார்த்திகைச் சோமவார விரதம் வருகிறது, விரதத்தில் வாயில் மருந்து படக் கூடாது. தை பிறந்ததும் பார்க்கலாம். இப்போது குழைந்த சோறும் ரசமும் இறங்குகிறது, போதும்.

கேள்வியை ஒழுங்காக எழுதச் சொன்னீர்கள். கேள்வி ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். அந்த டாக்டர் பெண் சொன்னது மட்டும் நிஜமா? அவரவர்க்கே தெரியாமல் உடம்பில் இருக்குமா? எத்தனை வருடம் அப்படி இருக்கும்?

அனு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள். மயில் என்கிறாள்.

நீலாம்பாள்


காஞ்சிபுரம்
20 நவம்பர் 2023

அன்புள்ள நீலாவுக்கு,

நான் நலம். மயில் கிடைத்தது, கால்கள் மட்டும் மயிலின் கால்கள்தாம், மற்றது உதயகுமாரின் ஸ்கூட்டர் போல இருக்கிறது என்று குழந்தையிடம் சொல்.

மொழி, மைக் செட், தீபாவளி, விரதம். நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் கட்டுரை எழுதி வராத பிள்ளைகள் இதைவிட நல்ல காரணங்கள் கொண்டு வருவார்கள். மொழி தெரிந்த மருமகள் வீட்டிலேயே இருக்கிறாள். வாயைத் திறந்து விரலால் காட்டுவதற்கு எந்த மொழி வேண்டும்?

உன் மற்றக் கேள்விக்குப் பதில்: இருக்கும். பல வருடம் தெரியாமலே இருக்கும். உன் அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது, எனக்கும் அப்படித்தான். உனக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

இனி எழுதுவது உனக்குப் பிடிக்காது. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டில் தண்ணீர் கேட்டால், பையிலிருந்து உன் தம்ளரை எடுத்து நீட்டுகிறாய். பத்து வருடமாகப் பார்க்கிறேன், ஒரு முறையும் கேட்டதில்லை. என்னைத் தொட்டு, குளிப்பாட்டி, மோர் கொடுத்தவள் இப்போது என் தம்ளரைக் கண்டு கூசுகிறாள் என்றால் அது அவள் இஷ்டம். என் வாய் உனக்கு அருவருப்பாக இருக்கட்டும். உன் வாயை நீ அழுகவிடுவது மட்டும் முட்டாள்தனம்.

போய்ப் பார்.

லோகாம்பாள்


சூரத்
12 ஜனவரி 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

காயத்ரியின் நமஸ்காரம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பு இருந்தால் மன்னிக்கவும். போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நவம்பரில் உங்கள் கடிதம் வந்த பிறகு அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்ன எழுதியிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. டிசம்பரில் இடது கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், வடிந்தது. பத்து நாளில் மறுபடி வீக்கம், மறுபடி மாத்திரை. போன வாரம் கண் வரை வீங்கிவிட்டது. இவர் வலுக்கட்டாயமாகப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் எடுக்க வேண்டும், பல்லையும் எடுக்க வேண்டும், இப்படியே விட்டால் அடுத்த முறை வீக்கம் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைக்கலாம் என்றார். அதுவரை அத்தை சும்மாதான் இருந்தார். "முதலில் ரத்த டெஸ்ட்" என்று நர்ஸ் ஊசியை எடுத்ததும் எழுந்தவர்தான். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிவிட்டார்.

"என்ன வெட்டிப் போட்டாலும் ரத்தம் குடுக்க மாட்டேன். வுட்ருமா காயத்ரி, என்ன வுட்ரு" என்று ரோட்டில் நின்று அழுதார். இவருக்குக் கோபம். "ஊசிக்குப் பயப்பட நீ என்னா அனுவாம்மா?" என்று கத்தினார்.

பெரியம்மா, எனக்கு இது ஊசிப் பயமாகத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எங்கே போனாலும் தன் தம்ளரைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார். தட்டும் தனி. மடி, ஆசாரம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அனு பிறந்த பிறகும் ஒரு முறைகூட முத்தம் கொடுத்ததில்லை. ஊசியில் நூல் கோக்கக்கூட நூலை உதட்டில் வைக்க மாட்டார், தண்ணீரைத் தொட்டுத்தான் கோப்பார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

இப்படிக்கு,
காயத்ரி உதயகுமார்


காஞ்சிபுரம்
19 ஜனவரி 2024

நீலா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. காயத்ரி எனக்கு எழுதினாள். அவளைத் திட்டாதே, ஒரு மகள் எழுதுவதைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். இதைப் பிரிக்காமல் உன்னிடம் தரச் சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு படி.

ஊசியில் கோக்கும்போதுகூட நீ நூலை உதட்டில் வைப்பதில்லையாம். அந்த வரியைப் படித்ததும் எனக்கு நம் தறி ஞாபகம் வந்தது.

நம் வீட்டுக் கோர்வைத் தறி. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டை சேலையின் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு வேறு. நீ ஒரு பக்கம், கல்லூரி விட்டு வந்து நான் மறு பக்கம். உள்ளே நூல் சுற்றிய தார் தீர்ந்து புதுத் தார் போட்டால், நாடாவின் பக்கவாட்டில் இருக்கிற கண்ணில் நூலை வாயால் உறிஞ்சித்தான் வெளியே இழுப்போம். ஊர் முழுக்க அப்படித்தான். யார் கைக்குக் கிட்டுகிறதோ அவள் உறிஞ்சுவாள். உன் அண்ணன் படுக்கையில் விழும்வரை நாம் இரண்டு பேரும் ஒரே நாடாவில் வாய் வைத்தோம். அப்போதே என் உடம்பில் இது இருந்தது. நமக்குத் தெரியாது.

ஆக, உனக்கும் ஒட்டிக்கொண்டது என்று நீ இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அண்ணன் போனதும் கண் தெரியவில்லை என்று தறியை விட்டாய். கண் தெரியாதவள் ஊசியில் நூல் கோக்கிறாள். பல் டாக்டரைக் கண்டு உனக்குப் பயம் இல்லை. உன் ரத்தத்தைக் கண்டுதான் பயம். நான் சொல்வது தவறு என்றால் ஒரே வரியில் எழுது.

மையத்து டாக்டரிடம் கேட்டேன். நாடா என்றால் என்ன, அதற்குக் கண் எங்கே என்று அவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. "கட்டையில பட்ட எச்சில்ல இது வராதும்மா. அந்தக் கிருமி உடம்புக்கு வெளிய ரொம்ப நேரம் தாங்காது. நாடாவால வந்ததுன்னு ஒரு கேஸ்கூட நான் பாத்ததில்ல" என்றார். "ஆனா, பயம்னா டெஸ்ட் எடுத்துடறதுதான் நல்லது" என்றும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் உனக்கு அனுப்புகிறேன். உன் பயம் விளக்கத்தால் போகிற வகையைச் சேர்ந்தது அல்ல.

தம்ளரைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போடு. பத்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த கோபம் வீணாய்ப் போயிற்று.

வீக்கம் தொண்டைக்கு இறங்குவதற்கு முன் ரத்தம் கொடு.

அண்ணி


சூரத்
29 ஜனவரி 2024

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது தவறு இல்லை.

ஒரு நாள் நீங்கள் உறிஞ்சிக் கொடுத்த நாடாவில் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. அப்போது உங்களுக்கு ஈறில் ரத்தம் கசியும். பட்டில் பட்டுவிடப்போகிறது என்று முந்தானையால் துடைத்துவிட்டு நான் அடுத்த தாரைப் போட்டு உறிஞ்சினேன். அண்ணனுக்கு என்ன என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நாடாதான். அண்ணன் முகம்கூட அப்புறம்தான் வந்தது.

உங்கள் மேல் கோபப்பட்டதும் உண்டு. வேறு யாராவது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன். உடனே உங்கள் வாய்ப்புண் ஞாபகம் வரும், மோர் கரைக்கப் போய்விடுவேன். தம்ளர் உங்களுக்காக எடுத்தது இல்லை அண்ணி. எல்லா வீட்டிலும் அப்படித்தான். என்னால் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான். எச்சிலில் வராது என்று நீங்கள் எழுதியதை எத்தனையோ தடவை படித்தேன். படிக்கும்போது சரி என்று இருக்கிறது, அனு கிட்டே வந்தால் கை தானாகத் தள்ளிவிடுகிறது.

டெஸ்ட் எடுக்கலாம். தனியாகப் போக எனக்குத் தெரியாது, காயத்ரியோடுதான் போக வேண்டும். எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்பாள். நாடா என்பேன், யாருடைய நாடா என்பாள். உங்கள் பெயர் வந்துவிடும். அண்ணன் பெயரும். உதயகுமார் அண்ணனைச் சாமி மாதிரி வைத்திருக்கிறான், படத்துக்குத் தினமும் பூ போடுகிறான். உங்களைக் காட்டிக் கொடுத்து எனக்குப் பல் வேண்டாம். வீக்கம் இப்போது இல்லை. சும்மா இருக்கிறது.

நீலா


காஞ்சிபுரம்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள காயத்ரிக்கு,

பெரியம்மா எழுதுவது. உனக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். உன் கேள்விக்குப் பதில் தருகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்து படி.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் கணவர் இறந்தது டி.பி.யால் என்று சொன்னது பாதி உண்மை, டி.பி. வந்ததே இதனால்தான். எனக்கு அவரிடமிருந்து வந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன், யாருக்கும் நான் ஆபத்து இல்லை. உன் மாமியாரும் நானும் ஒரே தறியில் நெய்தபோது ஒரே நாடாவில் வாய் வைத்து நூல் இழுத்ததால் தனக்கும் வந்துவிட்டது என்று அவள் நம்புகிறாள். அப்படி வராது. ஆனால் அவளுக்கு அதை ஒரு டெஸ்ட்தான் சொல்ல முடியும்.

அவள் டெஸ்டுக்கு வராததற்கு இப்போது ஒரே காரணம், என் பெயர் வெளியே வரும் என்பது. என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் தாடையைப் பலி கொடுக்கத் தயாராக இருக்கிறாள். இந்தத் தியாகம் எனக்குத் தேவையில்லை. என்னிடம் கேட்காமலே செய்கிறாள். ஆகையால் நானே சொல்லிவிட்டேன். அவள் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

அரசு மருத்துவமனையில் இலவசமாக டெஸ்ட் எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசுவார்கள். யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கையோடு சர்க்கரையும் பார்த்துவிடு. டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் மாத்திரை வாங்குவதை இன்றோடு நிறுத்து. முடிவு எதுவாக இருந்தாலும் பல் வைத்தியம் உண்டு, செய்வார்கள். என் வாயே அதற்குச் சாட்சி.

உதயகுமாரிடம் நீயே சொல். என்னிடம் வருவதும் வராததும் உங்கள் முடிவு. அதை நிதானமாக எடுங்கள். அவளை முதலில் அழைத்துப் போ.

லோகாம்பாள்


சூரத்
18 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

நீலா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சௌக்கியமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அனுவுக்குப் பரீட்சை நடக்கிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, வீட்டில் வேலை.

பல்லுக்கு வைத்தியம் ஆகிவிட்டது. கீறிச் சீழ் எடுத்தார்கள். அப்புறம் இரண்டு பல் எடுத்தார்கள், ஒன்றை வேர் வரை சுத்தம் செய்து அடைத்தார்கள். டாக்டர் இந்தியில் சொல்ல, காயத்ரி தமிழில் சொல்ல, நான் தலையை ஆட்டினேன். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறதாம், அதற்கும் மாத்திரை. இட்லி சாப்பிடுகிறேன். இடது பக்கமும் மெல்லுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் காயத்ரி படித்தாள். குக்கரில் அரிசியைக் கழுவி வைத்தாள். விசில் வந்து அடுப்பை நிறுத்தின பிறகு என்னிடம் வந்தாள். "அப்போ, அனுவத் தூக்காததுக்கு இதான் காரணமாத்தே? நான் பொண்ணாப் பெத்துட்டேன்னு கோவம்னு நெனச்சுக்கினு இருந்தேன், இந்த ஆறு வருசமா" என்றாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

உதயகுமார் அன்றையிலிருந்து அண்ணன் படத்துக்குப் பூ போடவில்லை. படத்தை எடுக்கவும் இல்லை. என்னிடம் வேண்டியதற்கு மட்டும் பேசுகிறான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உங்களுக்குப் பெரிய கஷ்டம் கொடுத்துவிட்டேன்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீலாம்பாள்

அந்த டெஸ்டில் ஒன்றும் இல்லையாம்.


காஞ்சிபுரம்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள நீலாவுக்கு,

நான் சௌக்கியம். நீ இரண்டு பக்கமும் மெல்லுவது அறிந்து சந்தோஷம்.

கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, தாளின் அடியில், வெயிலுக்கும் பரீட்சைக்கும் சர்க்கரைக்கும் கீழே, எறும்பு எழுதியது போல ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதுவும் 'இல்லையாம்' என்று, பக்கத்து வீட்டுச் செய்தி போல. டெஸ்ட் முடிவு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் நீ அதை என்னிடம் சொல்லக் கூசியிருக்கிறாய். உனக்கு இல்லை என்று சொல்வது எனக்கு இருக்கிறது என்று குத்திக் காட்டுவதாகிவிடும் என்று நினைத்திருப்பாய்.

மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஒரே நாடா, ஒரே நூல், அவளுக்கு மட்டும் இல்லையா என்று, நாடாவால் வரவில்லை என்பதையே மறந்து பொறாமைப்பட்டேன். முகம் கழுவிக்கொண்டு மோர் குடித்தேன். முக்கால் பங்கு போய்விட்டது. மீதி இருந்துவிட்டுப் போகட்டும், உனக்கு அதனால் நஷ்டம் இல்லை. உனக்கு நோய் இல்லை, நீலா. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள். அந்தக் குழந்தையைத் தூக்கு.

முடிவு எப்போது வந்தது என்று எனக்குச் சொன்னவன் உன் பிள்ளை. போன செவ்வாய்க்கிழமை சரிகைப் பெட்டியோடு காஞ்சிபுரம் வந்தவன், வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வா."

"இல்லத்தே. கார் நிக்குது."

"நிக்கட்டும். கார் பின்ன என்ன, உக்காருமா?"

வந்தான், உட்காரவில்லை. "மாமாவுக்கு என்னான்னு என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"நீ அப்போ பத்தாவது படிச்சுக்கினு இருந்தே."

"இப்போ? இன்னும் பத்தாவதுலதான் இருக்கனா? பாடைய நான்தானே தூக்கினேன்? கொள்ளி நான்தானே வச்சேன்? எனக்குச் சொல்லக் கூடாதா?"

"உங்கம்மாதான் வேணாம்னா."

"அம்மாவ இழுக்காதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்துக்கினு பொய் சொன்னீங்க. அப்புறம் ஆளுக்கொரு ஊர்ல உக்காந்துக்கினு தனித்தனியாப் பயந்தீங்க. படிச்சவங்க நீங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல, ஏன் தம்ளரத் தூக்கிக்கினு வரேன்னு?"

முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசியவள் நான். அடுப்படிக்குப் போனேன். இட்லி ஊற்றி வைத்திருந்தேன், தட்டில் எடுத்து வைத்தேன். நின்றுகொண்டே ஒன்றைப் பிட்டான். பிறகு உட்கார்ந்தான். தின்றுகொண்டே திட்டினான்; உன்னை, என்னை, அதிகமாக உன் அண்ணனை. நடுவில் தட்டை நீட்டி, "சாம்பார்" என்றான். ஊற்றினேன். திட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் கை கழுவினான்.

"இன்னும் நான் பேசி முடிக்கல. அடுத்த மாசம் வருவேன், வரச்சொல்ல மிச்சத்தப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் டாக்டர் இளவரசி எனக்கு இன்னொரு பல்லை அடைப்பதாக இருக்கிறாள். அவன் வரும் நாளைக் கேட்டு எழுது. தேதியை மாற்றி வைத்துக்கொள்கிறேன். மிச்சத்தைப் பேச ஒருவன் அத்தனை தூரத்திலிருந்து வரும்போது எனக்கு வாய் மரத்திருக்கக் கூடாது.

உன் அண்ணி,
லோகாம்பாள்